கேட்டைத் தட்டிய சத்தம்

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். 12 நாளுக்கு முன்னால், சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில், வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் ஒரு பையனை மூன்று பேர் அரிவாளால் வெட்டினார்கள். அன்று கேட் டியூட்டி எனக்கு. வெளியே போன பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தள்ளி, கேட்டைச் சாத்தித் தாழ் போட்டேன். வெட்டுப்பட்டவன் ஓடி வந்து கேட்டைத் தட்டினான். நான் திறக்கவில்லை. வாசலிலேயே விழுந்து இறந்துவிட்டான். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. யாராவது டெஸ்கில் தட்டினால் உடம்பு நடுங்குகிறது. டிபன் பாக்ஸைக் கீழே போட்ட ஒரு பையனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். 'போலீஸ் கேட்டா எதையும் பார்க்கலைன்னு சொல்லிடுங்க, பழையபடி பாடத்தை நடத்துங்க' என்கிறார் ஹெச்.எம். நேற்று ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, 'அந்த அண்ணன் தட்டுனாங்கல்ல டீச்சர், நீங்க ஏன் தொறக்கல?' என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் வெளியே வந்துவிட்டேன். நான் என்ன செய்வது?

பதில்:

டீச்சர், முதலில் அந்தக் கேட்டைப் பற்றிப் பேசிவிடுவோம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீங்கள் கேட்டைச் சாத்தியது சரி. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் உங்கள் பின்னால் பிள்ளைகள் கூட்டமாக நிற்கிறார்கள். முன்னால் அரிவாளோடு மூன்று பேர். தாழை எடுத்தால் வெட்டுப்பட்டவன் மட்டும் உள்ளே வருவானா, துரத்தியவர்களும் வருவார்களா என்று யோசிக்க உங்களுக்கு இருந்தது இரண்டு மூன்று வினாடி. இப்போது ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் உட்கார்ந்து, 'இப்படிச் செய்திருக்கலாமோ, அப்படிச் செய்திருக்கலாமோ' என்று மணிக்கணக்கில் யோசிக்கிறீர்கள். அந்த அவகாசம் அன்று உங்களுக்கு இல்லை. கேட்டில் நின்ற டீச்சரை, படுக்கையில் உட்கார்ந்திருக்கும் டீச்சர் விசாரணை செய்துகொண்டிருக்கிறார். அந்த விசாரணை நியாயமில்லாதது.

ஆனால் 'நான் செய்தது சரி' என்று தெரிந்துவிட்டால் மனசு அடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குள் இரண்டு காயம் இருக்கிறது. ஒன்று பயத்தால் வந்தது: சத்தம் கேட்டால் நடுங்குவது, தூக்கம் கெடுவது. இன்னொன்று மனச்சாட்சிக் காயம். ஒரு உயிரைக் காக்க இன்னொரு உயிரைக் கைவிட வேண்டிவந்த இடத்தில் நின்றவர்களுக்கு வருவது. போர்முனையிலிருந்து திரும்பிய சிப்பாய்களிடம் மருத்துவர்கள் இதைப் பார்த்து, பயத்திலிருந்து தனியாகப் பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். கொரோனா காலத்தில் படுக்கை இல்லை என்று நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டிவந்த நர்ஸ்களுக்கும் இது இருந்தது. பயம் நாள்பட நாள்படத் தானாகக் கொஞ்சம் அடங்கும். மனச்சாட்சிக் காயம் வாய்விட்டுச் சொல்லாமல் ஆறாது. உங்கள் கேள்வியில் நான் படித்த வரிகளிலேயே கனமானது 'நான் திறக்கவில்லை' என்பதுதான். எனக்கு முன்னால் அதை யாரிடமாவது சொன்னீர்களா? வீட்டுக்காரரிடம், அம்மாவிடம், பக்கத்து நாற்காலி டீச்சரிடம்? சொல்லவில்லை என்றால் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். கேட்பவர் 'அதையெல்லாம் மறந்துடு' என்று சொல்லாத ஆளாக இருக்க வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

இனி உடம்பு. நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், காதில் திரும்பத் திரும்பக் கேட்கும் தட்டல் எல்லாம் முதல் சில வாரங்களில் எவருக்கும் வரக்கூடியவை. பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சை இல்லாமலே மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் அதே வேகத்தில் நீடித்தால்தான் மருத்துவர்கள் அதற்கு 'பி.டி.எஸ்.டி.' (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்று பெயர் வைப்பார்கள். நீங்கள் இன்னும் 12-ஆம் நாளில்தான் இருக்கிறீர்கள். உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. உடம்பு இன்னும் காவல் காத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நடுக்கம் வரும் நேரத்தில், வகுப்பில் நின்றபடியே யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய ஒன்று: இரண்டு பாதத்தையும் தரையில் அழுத்தி ஊன்றுங்கள். உள்ளே இழுக்கும் மூச்சைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும், ஐந்தாறு தடவை. பிறகு திரும்பி, கரும்பலகையில் அன்றைய தேதியை எழுதுங்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். சாக்பீஸ் கையில் உரசுவதும், கண் இன்றைய தேதியைப் பார்ப்பதும், 'இது அந்த நாள் இல்லை' என்று உடம்புக்குச் சொல்லும். சின்ன விஷயம்தான். எனக்கு இது பல மாதம் கைகொடுத்தது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

செய்யக் கூடாதது இரண்டு. தூக்கம் வரவில்லை என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அல்பிரசோலாம் வகைத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். இப்படியான சம்பவத்துக்குப் பிறகு முதல் மாதத்தில் அந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்பதே 2013-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதல். இரண்டாவது, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த வீடியோ. பஸ் ஸ்டாப்பில் யாரோ எடுத்தது ஒன்று நிச்சயம் இருக்கும். 'நான் நின்றது அதில் தெரிகிறதா' என்று பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள். 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கானோரிடம் விசாரித்தார்கள். அடுத்த ஒரு வாரம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்தியையும் படங்களையும் பார்த்தவர்கள், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தத்தில் இருந்தார்கள். ஸ்டாஃப் ரூமிலும் சொல்லிவையுங்கள், யாரும் யாருக்கும் அனுப்பக் கூடாது என்று. பிள்ளைகளின் போனிலும் அது இருக்கும். 'டெலிட் பண்ணு' என்று மிரட்டினால் ஒளித்து வைப்பார்கள். 'அந்த அண்ணனோட அம்மா இதைப் பார்த்தா எப்படி இருக்கும்' என்று கேட்டுப் பாருங்கள், அவர்களே அழித்துவிடுவார்கள்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன்.

அவள் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. 'நாளைக்கு நான் வெளியே மாட்டிக்கிட்டுத் தட்டினா எனக்குத் தொறப்பீங்களா' என்றுதான் கேட்கிறாள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை அப்படிச் சொல்லத் தெரியாது. அதனால் பதில் சொல்லாமல் விட முடியாது. வெளியே வந்துவிட்டதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், திரும்பிப் போய்ச் சொல்லலாம். முதல் பிரீயட் வேண்டாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பிரீயடில் உட்கார்ந்துகொண்டு, உங்கள் வார்த்தையில், கிட்டத்தட்ட இப்படி:

'நேத்து நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. எனக்கு அழுகை வந்துருச்சு, அதான் வெளியே போனேன். தொறந்திருந்தா அரிவாளோட வந்தவங்களும் உள்ள வந்திருப்பாங்கன்னு பயந்தேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுங்கறது மட்டும்தான் அப்ப மனசுல இருந்துச்சு. அந்த அண்ணனைக் காப்பாத்த முடியலயேன்னு எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. உங்கள்ல யாராவது வெளியே இருந்திருந்தா, நானே வெளியே வந்து இழுத்திருப்பேன். அன்னைக்கு அதைத்தான் செஞ்சேன்.'

கடைசி வரி உண்மை. அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. சொல்லும்போது குரல் உடைந்தால் உடையட்டும். டீச்சர் அழுவதைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள். டீச்சர் காரணம் சொல்லாமல் கத்துவதைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். டிபன் பாக்ஸ் போட்ட பையனிடமும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள்: 'சத்தம் கேட்டதும் பதறிட்டேன்டா, உன் மேல தப்பு இல்ல.'

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். 'எல்லாரும் வட்டமா உக்காருங்க, யார் யார் என்ன பார்த்தீங்கன்னு ஒவ்வொருத்தரா சொல்லுங்க' என்று விவரமாகச் சொல்ல வைக்கும் கூட்டம். நல்ல எண்ணத்தோடுதான் நடத்துவார்கள். ஒரே அமர்வில் எல்லோரையும் கொட்டித் தீர்க்க வைக்கும் இந்த முறை பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை என்று பல ஆய்வுகள் காட்டிவிட்டன. அன்று பார்க்காத பிள்ளையும் இதில் பார்த்த பிள்ளையின் கண்ணால் பார்த்துவிடும். 2011-இல் உலக சுகாதார நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட மன முதலுதவிக் கையேட்டின் சாரம் மூன்று சொல்தான்: பார், கேள், இணை. யாருக்கு என்ன தேவை என்று பார். பேச வந்தால் கேள், வராதவரைத் துருவாதே. உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடு.

எதைப் பார்ப்பது? சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஸ்கேலை அரிவாளாக வைத்து வெட்டு விளையாட்டு விளையாடுவார்கள். பார்க்கும்போது உங்களுக்குக் குலை நடுங்கும். அடித்து நிறுத்தாதீர்கள். 1976-இல் கலிபோர்னியாவின் சவுச்சில்லாவில் ஒரு பள்ளி பஸ்ஸையே கடத்தி, 26 பிள்ளைகளையும் டிரைவரையும் மண்ணுக்கடியில் ஒரு வண்டிக்குள் பல மணி நேரம் புதைத்து வைத்தார்கள். டிரைவரும் பிள்ளைகளும் தாங்களே தோண்டி வெளியே வந்தார்கள். அந்தப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர் லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர். நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவதை அவர் கண்டார். இன்னொன்றையும் கண்டார்: நடப்பதற்கு முன்பே தங்களுக்கு அறிகுறி காட்டியது என்று பிள்ளைகள் நம்பத் தொடங்கியிருந்தார்கள். நம் பக்கம் இது இன்னும் சுலபமாக வரும். 'காலைல பூனை குறுக்க போச்சு டீச்சர், அப்பவே சொல்லியிருக்கணும்' என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். தன்னால் தடுத்திருக்க முடியும் என்று அது தன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கிறது. நீங்கள் செய்துகொண்டிருக்கும் அதே வேலை. விளையாட்டையும் அப்படியே விட்டுவிடாமல், நடுவில் போய், 'ஆம்புலன்ஸ் எங்கடா? டாக்டர் யாரு?' என்று கேளுங்கள். விளையாட்டுக்குள் உதவி வந்து சேர்ந்தால் அது மெல்ல வேறு விளையாட்டாகிவிடும். தனியாக ஒரே பிள்ளை, முகத்தில் சந்தோஷமே இல்லாமல், நாள்தோறும் அதையே விளையாடினால் அந்தப் பிள்ளையைக் குறித்து வையுங்கள்.

அடுத்தது சுவர். செத்தவன் முகத்தோடு 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் உங்கள் காம்பவுண்டில் ஒட்டியிருப்பார்கள், பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் நிற்கும். பிள்ளைகள் தினம் இரண்டு தடவை அதைக் கடந்து போகிறார்கள். போஸ்டரை நீங்களாகக் கிழிக்கப் போகாதீர்கள், அது வேறு வம்பில் கொண்டுபோய் விடும். பள்ளிச் சுவரில் உள்ளதை மட்டும் எடுக்கச் சொல்லி, பள்ளி மேலாண்மைக் குழுவின் (எஸ்.எம்.சி.) தலைவர் வழியாக அந்தக் குடும்பத்திடம் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று மரியாதையாகச் சொன்னால், துக்க வீட்டில் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

கொலைக்குச் சாதி காரணமா என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவேளை காரணமாக இருந்தால், மறுநாளே உங்கள் வகுப்பில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பது மாறியிருக்கும். கவனித்தீர்களா? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர் குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, கையில் கட்டும் சாதிக் கயிறு வரை பேசியது. வாசலில் நடந்தது வகுப்புக்குள் பழிக்குப் பழியாக வராமல் காப்பது உங்கள் ஒருவரால் ஆகிற காரியமில்லை. உங்களால் ஆவது ஒன்று உண்டு: 'அவங்க ஆளு', 'எங்க ஆளு' என்ற சொல் வகுப்பில் காதில் விழுந்தால் அந்த இடத்திலேயே, சத்தம் போடாமல், 'இங்க எல்லாரும் என் பிள்ளைங்க' என்று நிறுத்துவது. உங்கள் சாதி என்ன என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அதனாலேயே உங்கள் வாயிலிருந்து 'எல்லாரும் என் பிள்ளைங்க' என்று வருவதற்கு எடை அதிகம்.

போலீஸ் விஷயத்தில் உங்கள் ஹெச்.எம். சொன்னதை ஏற்காதீர்கள். அவர் பயத்தில் சொல்கிறார், அவர்மேல் கோபம் வேண்டாம். ஆனால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொன்னால், சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், ஏற்கெனவே பாரம் சுமக்கும் மனசாட்சிமேல் இன்னொரு கல்லை ஏற்றுகிறீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள், பார்க்காததற்குத் 'தெரியாது' என்று சொல்லுங்கள். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவுப்படி, பெண்களையும் 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் விசாரணைக்கு அவர்கள் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது. போலீசிடம் தரும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதும் இல்லை. மிரட்டல் வந்தால், 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். சாட்சியான பிள்ளைகளின் பெயர், படம், பள்ளிப் பெயர் எதையும் செய்தியில் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. வாசலில் மைக்கோடு நிற்பவர்களிடம் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது.

இப்படி ஒன்று நடந்தால் பள்ளியில் பட்டியல் எடுப்பார்கள்: எத்தனை பிள்ளைகள் பார்த்தார்கள், எத்தனை பேர் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல். அந்தப் பட்டியலை எழுதுவது டீச்சர். அதில் டீச்சர் பெயர் இருக்காது. என் பள்ளிக்கு எதிரே டீக்கடையில் ஒருவரை வெட்டியபோது நான் ஆறாம் வகுப்பு டீச்சர். மறுநாள் ரத்தத்தின் மேல் மணலைக் கொட்டி, மேலே ப்ளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். அன்று நானும் பட்டியல் எடுத்தேன், 41 பிள்ளைகள். ஒரு வருஷம் பின்பக்கச் சந்து வழியாகத்தான் பள்ளிக்குப் போய் வந்தேன். தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ப்ளீச்சிங் பவுடர் வாடை இன்றைக்கும் எனக்கு ஆகாது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார்கள். என்னைக் கேட்டது எங்கள் சத்துணவு அம்மா ஒருவர்தான். தினம் காலையில் அரிசி களைந்துகொண்டே, 'தூங்கினியா தாயி?' என்பார். 'இல்லக்கா' என்பேன். 'செத்த நேரம் இப்படி உக்காரு' என்று பக்கத்தில் முருங்கைக் கீரை ஆய உட்கார வைத்துவிடுவார். பத்து நிமிஷம். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த சிகிச்சை. அதற்குப் பிறகுதான் உளவியல் படித்து இந்த வேலைக்கு வந்தேன்.

ஆகவே உங்கள் வகுப்புப் பட்டியலின் கடைசியில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். சொல்லழகுக்காகச் சொல்லவில்லை, நோட்டில் பேனாவால் எழுதுங்கள். எழுதிவிட்டு, மற்றப் பிள்ளைகளுக்குச் செய்வதை இந்தப் பெயருக்கும் செய்யுங்கள். இரண்டு மாதத்துக்குக் கேட் டியூட்டியை மாற்றித் தரச் சொல்லுங்கள். லீவு போட வேண்டும் என்று தோன்றினால் இரண்டு மூன்று நாள் போடுங்கள், நீட்டாதீர்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது தட்டல் சத்தம் கூடும், மணியடித்தால் வகுப்பு மாறும் பள்ளியின் ஒழுங்கு அதைக் கொஞ்சம் அடக்கும். 14416-இல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையம் இருக்கிறது, தமிழிலேயே பேசுவார்கள், எந்த நேரமும், இலவசம். பிள்ளைகளுக்காக 1098 இருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. ஒரு மாதம் கழிந்தும் தூக்கம் திரும்பவில்லை என்றாலோ, நடுவில் எப்போதாவது 'நான் இருந்து என்ன' என்று தோன்றினாலோ, காத்திருக்காமல் போய்விடுங்கள். இதற்கென்று பேச்சு வழியிலான சிகிச்சைகள் இருக்கின்றன, பலருக்குச் சில மாதத்திலேயே நல்ல பலன் தெரிகிறது.

இன்னும் நாலு நாளில் 16-ஆம் நாள் வருகிறது. அந்த வீட்டில் கருமாதி இருக்கும், பஸ் ஸ்டாப்பில் கூட்டம் கூடும், போலீஸ் நிற்கும், பிள்ளைகள் காலையிலிருந்தே குசுகுசுவென்று பேசுவார்கள். உங்களுக்கும் அன்று நடுக்கம் கூடும், எதிர்பார்த்து இருங்கள். அன்றைக்கு மட்டும் பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக, வகுப்பு வகுப்பாக, இரண்டு ஆசிரியர் கூட நடந்து அனுப்ப முடியுமா என்று ஹெச்.எம்.மிடம் இப்போதே பேசுங்கள். எல்லோரும் போனதும், நான் சொன்னேனே பக்கத்து நாற்காலி டீச்சர், அவரைக் கூட்டிக்கொண்டு முன்கேட்டுக்குப் போங்கள். தாழில் கை வைக்க முடிந்தால் வையுங்கள். முடியவில்லை என்றால் சும்மா ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பி வாருங்கள். அந்தப் பையனுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றினால், அங்கேயே சொல்லிவிடுங்கள்.